எண்ணைக் கண்ணாகக் கொண்ட மருத்துவர்: ஹென்றி மார்ஷலார் வரலாறு

கண்டி மாநகரிலிருந்து தெல்தெனியா வழியாக மஹியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில், ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் உளது. தேயிலைத் தோட்டங்களும் மூடுபனியும் சூழ்ந்த அவ்வூருக்கு அணித்தே மெதமஹாநுவர என்னும் பழம்பதி அமைந்திருக்கின்றது. பகைவர் படை தலைநகரை நெருங்கிய காலங்களிற் கண்டியரசர் ஒதுங்கிய மலையரண்களுள் அதுவும் ஒன்று. 1815 ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 18 ஆம் நாள், அப்பகுதியிலேதான் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டான். பின்னர் வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தப்பட்டு, 1832 ஆம் ஆண்டு அங்கேயே உயிர் நீத்தான்.

இந்நிகழ்ச்சியை எழுதியோர் பலர். படைத்தலைவர் வெற்றியை எழுதினர். அதிகாரிகள் உடன்படிக்கையை எழுதினர். அந்நாளில் ஆங்கிலப் படையோடு இலங்கையிலிருந்த மருத்துவர் ஒருவரோ, வேறொன்றினை எழுதத் தொடங்கினார். எத்தனை வீரர் நோயுற்றனர், எந்நோயால் உற்றனர், எவ்விடத்தில் உற்றனர், அவருள் எத்தனைபேர் மாண்டனர் என்பதே அது. வாளால் வீழ்ந்தவரினும் காய்ச்சலால் வீழ்ந்தவரே பன்மடங்கினர் என்பதை அவர் கண்டார். அம்மருத்துவர் பெயர் ஹென்றி மார்ஷல். படை மருத்துவப் புள்ளியியலின் தந்தை என்று பின்வந்தோர் போற்றும் பெரியார் அவர்.

இக்காலத்துப் பெரிய மருத்துவமனைகளிலே, நிருவாகியின் அறைக்குட் சென்றால், சுவரிலோ மேசையிலோ ஒரு கணினித்திரை ஒளிர்வதைக் காணலாம். எத்தனை கட்டில்கள் நிரம்பியுள்ளன, எந்த விடுதியிற் காய்ச்சல் மிகுந்துள்ளது, எம்மருந்து குறைந்துள்ளது என்பனவெல்லாம் எண்களாகவும் நிறங்களாகவும் அத்திரையிலே தோன்றும். அதனை டாஷ்போர்ட் என்று வழங்குவர். தரவுப் பலகை எனத் தமிழிற் கூறலாம். மின்சாரமும் கணினியும் இல்லாத காலத்திலே, மைக்கூடும் கோடிட்ட தாளும் கொண்டு அப்பலகைக்கு வித்திட்டவருள் மார்ஷலார் முதல்வரிசையினர். அவருடைய எண்ணங்களுக்கு முதற் பள்ளியாக அமைந்தது நமது இலங்கைத் தீவு. சிறப்பாக, கண்டி நாடு. ஆகலின் அவர் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் தகும்.

பிறப்பும் இளமையும்

ஸ்கொத்லாந்து தேசத்திலே கில்சித் என்னும் ஊரில் 1775 ஆம் ஆண்டு மார்ஷலார் பிறந்தார். கிளாஸ்கோ நகரிலே மருத்துவம் பயின்றார். செல்வாக்குடையோர் துணையின்றி உயர்பதவி எய்துதல் அந்நாளில் அரிது. எனவே 1803 ஆம் ஆண்டு, தம் இருபத்தெட்டாம் வயதிலே, கடற்படையில் அறுவை மருத்துவரின் உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதனை விட்டு நீங்கினார். 1805 இல் உள்நாட்டுக் காவற்படையொன்றில் அமர்ந்து, 1806 இல் 89 ஆம் படையணியின் உதவி மருத்துவரானார். அவ்வணியோடு தென்னமெரிக்காவுக்கும், நன்னம்பிக்கை முனைக்கும், அதன்பின் இலங்கைக்கும் கடல் கடந்தார்.

மூன்று கண்டங்களின் வெயிலையும் மழையையும் இவ்வாறு சில ஆண்டுகளிற் கண்ட அவருக்கு ஓர் ஐயம் எழுந்திருத்தல் இயல்பே. ஒரே நாட்டிற் பிறந்து, ஒரே உணவை உண்டு, ஒரே உடையை உடுத்த வீரர், ஓரிடத்தில் நலமாயிருக்கின்றனர். வேறோரிடத்திற் கூட்டங்கூட்டமாய் மடிகின்றனர். இதற்குக் காரணம் யாது? அக்காலத்து மருத்துவ நூல்கள், வெப்பம் என்றும், ஈரம் என்றும், சதுப்பு நிலத்தின் நச்சாவி என்றும் பலவாறு கூறின. கூறியோர் பலர்; எண்ணிப் பார்த்தோர் சிலர்.

இலங்கையிற் கழிந்த ஆண்டுகள்

1809 ஆம் ஆண்டிலே மார்ஷலார் இரண்டாம் இலங்கைப் படையணிக்கு மாறினார். 1813 இல் முதலாம் இலங்கைப் படையணியின் மருத்துவராக உயர்வு பெற்றார். இலங்கைப் படையணிகளிலே மலாயரும், இந்தியச் சிப்பாய்களும், ஆபிரிக்கரும் பணி செய்தனர். அவற்றோடு ஐரோப்பிய அணிகளும் இருந்தன. ஆகவே பல நாட்டினர் ஒரே மண்ணில் வாழ்ந்து, வெவ்வேறு வகையில் நோயுறுதலை அருகிருந்து காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1814 ஆம் ஆண்டு முடிவில் அணிகளை விட்டு, படையின் பொது மருத்துவப் பணிக்கு மாறினார். கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டபின் கண்டி மாகாணங்களின் தலைமை மருத்துவ அதிகாரியாகவும் விளங்கினார்.

கண்டி மலைநாடு ஆங்கிலேயருக்கு முன்னரே ஒரு பாடம் கற்பித்திருந்தது. 1803 ஆம் ஆண்டிலே அவர்கள் கண்டி நகரைப் பிடித்து, மேஜர் டேவி என்பாரின் கீழ் ஒரு காவற்படையை அங்கே நிறுத்தினர். கண்டியர் வந்து தாக்குமுன்னரே காய்ச்சல் அப்படையைத் தாக்கிவிட்டது. நோயால் நலிந்து, எழுந்து நிற்கவும் வலியற்றிருந்தோரையே பின்னர்ப் பகைவர் எதிர்கொண்டனர். மலைகளைப் போலவே காய்ச்சலும் கண்டியரசுக்கு அரணாய் நின்றது எனலாம்.

அந்த அரண் 1817 ஆம் ஆண்டிலே மீண்டும் எழுந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஊவாவிலே தொடங்கிய கிளர்ச்சி, 1818 இல் மலைநாடெங்கும் பரந்தது. ஊவா, வெல்லஸ்ஸ முதலிய இடங்களிலே சிறுசிறு காவல் நிலைகளை அமைத்து ஆங்கிலப் படை பரந்து நின்றது. வழியோ காடு, உணவு கொண்டுசெல்வதோ அரிது, மழையிலே நனைந்த வீரர் காய்ச்சலாலும் வயிற்றுளைச்சலாலும் வீழ்ந்தனர். சென்னைப் பட்டினத்திலிருந்து புதுப்படைகள் வரவழைக்கப்பட்டன. கிளர்ச்சி அடங்கியபோது, ஆங்கிலேயர் இழந்த வீரர் ஓராயிரவர் வரையினர் என்று கணக்கிடப்பட்டது. அவருட் பெரும்பாலோர் போர்க்களத்தில் மாண்டவரல்லர், நோயால் மாண்டவரே.

மார்ஷலாரின் கண்முன்னே நிகழ்ந்த இப்பேரிழப்பு அவர் உள்ளத்திற் பதிந்தது. தாம் கண்டவற்றைத் தொகுத்து, இலங்கை உள்நாட்டின் மருத்துவ நிலவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். 1821 ஆம் ஆண்டளவில் இலண்டனில் அது அச்சேறியது. கறுவா மரத்தைப் பற்றியும் தென்னையைப் பற்றியும் தனித்தனியே கட்டுரைகள் வரைந்தார். மரமாயினும் மனிதராயினும், கண்ணாற் கண்டதைக் குறித்து வைத்தபின்னரே கருத்துரைப்பது அவர் இயல்பு.

திசாவையின் தலை

இவ்விடத்திலே, மார்ஷலார் வாழ்விற் பெருமையும் சிறுமையும் ஒருங்கே தோன்றும் ஒரு நிகழ்ச்சியைக் கூறாது செல்லுதல் முறையன்று.

கிளர்ச்சியை அடக்குமாறு ஆங்கிலேயர் அனுப்பிய ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, கிளர்ந்தெழுந்த மக்களைக் கண்டபின் அவர்கள் பக்கமே சேர்ந்தார். 1818 ஒக்டோபரிற் சிறைப்பட்டார். படை நீதிமன்று அவருக்குக் கொலைத்தண்டம் விதித்தது. நவம்பர் 26 ஆம் நாட் காலையில், தலதா மாளிகையிலே வழிபாடு செய்து, தம் மேலாடையைக் காணிக்கையாக வைத்து, கலங்காத நெஞ்சினராய்ப் போகம்பறைக் கொலைக்களம் சென்றார். அவருடைய இறுதி நேரத்தின் அமைதியை இன்று நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் மார்ஷலார் பிற்காலத்தில் எழுதிய நூலினாலேயே. தோற்றமையால் அரசத் துரோகி எனப்பட்ட அவ்வீரர், வென்றிருப்பின் நாட்டுப் பற்றாளர் எனப் போற்றப்பட்டிருப்பார் என்ற கருத்தை, ஆங்கிலப் படையிலே ஊதியம் பெற்ற அம்மருத்துவர் அஞ்சாது எழுதிவைத்தார்.

அவரேதான் அவ்வீரரின் மண்டையோட்டை எடுத்துச் சென்றவரும். மண்டையோட்டின் மேடு பள்ளங்களை அளந்து மனிதன் குணத்தை அறியலாம் என்று ஒரு போலிக் கலை அந்நாளில் எடின்பரோ நகரிற் செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்கலையைப் பேணிய சங்கத்துக்கு மார்ஷலார் அம்மண்டையோட்டை அளித்தார். இறந்தவர் உடலுக்கு இயற்றவேண்டிய மரியாதையை, அளத்தல் வேட்கை மறைத்துவிட்டது. எதனை எண்ணுவது, எதனை அளப்பது என்னும் விவேகம் தவறினால் நல்லறிஞரும் வழுக்குவர் என்பதற்கு இது சான்று. நாடு விடுதலை பெற்றபின் அது இலங்கைக்கு மீட்டுக் கொணரப்பட்டது. தலதா மாளிகையின் முன்றிலிலே இன்று கெப்பெட்டிபொலவின் நினைவுச்சின்னம் நிற்கின்றது. கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என அறிவித்த ஆங்கில அரசின் பழம் பிரகடனத்தை இலங்கை அரசு 2016 ஆம் ஆண்டு நீக்கியது. அவர்களைத் தேசிய வீரர் எனவும் அறிவித்தது. மார்ஷலார் எழுத்தில் ஏற்றுக்கொண்டதை அரசுகள் ஏற்க ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு சென்றது.

தாயகம் திரும்பிய பின்

1821 ஆம் ஆண்டு இளவேனிலில் மார்ஷலார் இலங்கையை விட்டு நீங்கினார். ஸ்கொத்லாந்து, சதம், டப்ளின் ஆகிய இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பணியாற்றினார். படையிற் புதிதாகச் சேர வருவோரைச் சோதிப்பதும், உடல் நலிந்தோரை விடுவித்து ஓய்வூதியம் வழங்கப் பரிந்துரைப்பதும் இப்பொழுது அவர் கடமைகளாயின. இவை சிறு வேலைகள் எனத் தோன்றலாம். ஆனால், ஒருவன் எந்நிலையிற் படையிற் புகுகிறான், எத்தனை ஆண்டின்பின் எந்நிலையில் வெளியேறுகிறான் என்னும் இரு வாயில்களிலும் நின்று காணும் வாய்ப்பு இவற்றால் அவருக்கு அமைந்தது.

அந்த அனுபவத்தை 1828 ஆம் ஆண்டு இளம் மருத்துவ அதிகாரிகளுக்கான கையேடாக எழுதி வெளியிட்டார். போர்ச் செயலராயிருந்த சேர் ஹென்றி ஹார்டிங் அவர் திறமறிந்து, ஓய்வூதிய முறையைத் திருத்தும் பணியில் அவருடைய ஆலோசனையை நாடினார். 1830 இல் மருத்துவமனைகளின் துணை மேலாய்வாளர் என்னும் பதவியுயர்வு பெற்று, அரைச் சம்பளத்தோடு ஓய்வடைந்தார். 1832 இல் திருமணம் செய்துகொண்டார். வயது ஐம்பத்தேழு. பிறர் சாய்வு நாற்காலியை நாடும் பருவம் அது; மார்ஷலாரின் மாபெரும் பணியோ இனித்தான் தொடங்கவிருந்தது.

அலமாரியிற் கிடந்த புதையல்

1815 ஆம் ஆண்டிலே படை மருத்துவத் துறைக்குத் தலைவராய் வந்த சேர் ஜேம்ஸ் மக்கிறிகர் ஒரு நல்ல வழக்கத்தை நிலைநாட்டினார். உலகெங்கும் உள்ள ஆங்கிலப் படை மருத்துவர் யாவரும், தத்தம் இடத்து நோயாளர் தொகையையும், நோயின் பெயரையும், இறப்பையும் குறித்து இலண்டனுக்கு ஒழுங்காக அனுப்பவேண்டும் என்பதே அது. அனுப்பினர். இருபதாண்டுகளாக அறிக்கைகள் வந்து குவிந்தன. கட்டுக்கட்டாக அலமாரிகளில் ஏறின.

ஆனால் அவற்றை ஒன்றுசேர்த்துக் கூட்டிப் பார்த்தவர் இலர். ஒவ்வொரு தாளும் உண்மை பேசியது. எல்லாத் தாள்களும் சேர்ந்து பேசும் உண்மையைக் கேட்பாரில்லை. கணக்கை எழுதுதல் வேறு; கணக்கைக் காணுதல் வேறு. எழுதி அடுக்கிய ஏடு இருளில் வைத்த விளக்குத்தண்டு போன்றது. அதில் திரியிட்டு ஏற்றினாலன்றி ஒளி தராது.

1835 ஆம் ஆண்டிலே அத்திரியை ஏற்ற இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் மார்ஷலார். மற்றவர் அலெக்சாண்டர் டல்லக் என்னும் இளம் படையதிகாரி, சட்டம் பயின்றவர், பர்மாவிலே பணிபுரிந்து, வீரருக்கு வழங்கப்பட்ட பண்டங்களிலும் விலையிலும் நிகழ்ந்த முறைகேடுகளை வெளிப்படுத்தியவர். அறுபதாண்டு நிரம்பிய மருத்துவரும், முப்பத்திரண்டு வயதுக் கணக்காளரும் ஒருவருக்கொருவர் துணையாயினர். நோயின் இயல்பை ஒருவர் அறிவார். எண்ணின் இயல்பை மற்றவர் அறிவார்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. ஒரு கோட்டையில் 15 வீரரும் வேறொரு கோட்டையில் 30 வீரரும் ஓராண்டில் இறந்தனர் என்று கொள்வோம். இரண்டாவது கோட்டையே கொடியது என்று தோன்றும். முதற் கோட்டையில் இருந்தவர் 300 பேர், இரண்டாவதில் இருந்தவர் 1,000 பேர் என்று அறிந்தால் நம் எண்ணம் தலைகீழாகும். முதற் கோட்டையில் ஆயிரவருக்கு ஐம்பதின்மர்; இரண்டாவதில் ஆயிரவருக்கு முப்பதின்மரே. எனவே, இறப்புத் தொகையை இருந்தோர் தொகையால் வகுத்து, ஆயிரவருக்கு இத்தனை பேர் என்னும் ஒரே அளவுகோலால் உலகின் எல்லாக் காவல் நிலைகளையும் அளந்தனர். இடவாரியாகவும், நோய்வாரியாகவும், வயதுவாரியாகவும், தங்கிய ஆண்டுவாரியாகவும் அட்டவணைகள் அமைத்தனர். 1817 முதல் 1836 வரையான இருபதாண்டுச் செய்தி இவ்வாறு சில பக்கங்களிலே கண்ணுக்குப் புலனாயிற்று.

எண்கள் பேசின

மேற்கிந்திய தீவுகளைப் பற்றிய முதல் அறிக்கை 1838 ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உள்நாட்டுப் படையில் ஆயிரவருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினைவர் இறந்தனர். ஜமேக்காத் தீவிலோ நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பத்தாண்டு அங்கே நிறுத்தப்பட்ட ஒரு படை, போரொன்றும் செய்யாமலே பெரும்பாலும் மண்ணுக்குள் சென்றது என்பதே இதன் பொருள்.

இதனினும் பெரியதொரு பொய்மை இவ்வட்டவணைகளாற் சிதைந்தது. வெப்ப நாட்டுக்குப் புதிதாக வருவோரே மாள்வர். சில ஆண்டு தங்கியோர் உடல் பழகி உறுதி பெறுவர் என்று படைத்தலைவரும் மருத்துவரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையினாலேயே அணிகளை ஆண்டுக்கணக்காக ஒரே தீவில் விட்டுவைத்தனர். தங்கிய ஆண்டுவாரியாக இறப்பைப் பிரித்துப் பார்த்தபோது, நெடுநாள் தங்கியமையால் இறப்புக் குறையவில்லை என்பது வெளியாயிற்று. வெப்பமும் ஈரமும் மட்டுமே காரணம் என்னும் கொள்கையும் நிலைகுலைந்தது. ஏறத்தாழ ஒரே வெப்பமுடைய இரு தீவுகளுள், ஒன்றில் இறப்பு மிகையாகவும் மற்றொன்றிற் குறைவாகவும் இருந்ததை அட்டவணை காட்டியது. மலைமேல் இருந்த நிலைகளில் இறப்புக் குறைந்திருந்தமையும் தெரிந்தது.

அக்காலத்துப் போர்ச் செயலர் ஹோவிக் பிரபு, எண்களைக் கண்டு மனம் மாறக்கூடிய அரிய ஆட்சியாளருள் ஒருவர். ஓயாது உப்பிறைச்சியே உண்ட வீரருக்குப் புத்திறைச்சி மிகுதியாக வழங்கப்பட்டது. ஓர் அணி ஒரே வெப்பத் தீவில் நெடுங்காலம் கிடத்தல் தவிர்க்கப்பட்டது. 1841 ஆம் ஆண்டிலே ஜமேக்காவின் மலைமேல் நியூகாசில் என்னும் இடத்திற் பாசறை அமைந்தது. கொசுவே காய்ச்சலைப் பரப்புகின்றது என்னும் உண்மையை உலகம் அறிய அதன்பின் இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது. காரணம் இன்னதென அறியாமலே, எங்கே நோய் குறைவு என்பதை மட்டும் எண்களால் அறிந்து, பல்லாயிரம் உயிர்களைக் காத்தனர். நோயைத் தேர்ந்து, அதன் முதலைத் தேர்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து செயற்படுக என்று வள்ளுவர் வகுத்த நெறியில், முதலை முற்றும் அறியுமுன்பே தணிக்கும் வழியை எண்கள் காட்டின என்பது வியப்பன்றோ?

முதல் அறிக்கைக்குப் பின் முதுமை மார்ஷலாரைத் தளர்த்தியது. டல்லக்கும், பின்னர் அவரோடு சேர்ந்த பல்பூர் என்னும் இளம் மருத்துவரும் பணியைத் தொடர்ந்தனர். 1841 ஆம் ஆண்டளவில் இலங்கை பற்றிய அறிக்கையும் வெளிவந்தது. அந்த இருபதாண்டுகளில் இலங்கையிலிருந்த ஆங்கில வீரருள் ஆயிரவருக்கு ஏறத்தாழ எழுபதின்மர் ஆண்டுதோறும் இறந்தனர் என அது காட்டியது. கண்டி மலைகளிலே மார்ஷலார் கண்ணாற் கண்ட துயர், ஈற்றில் எண்ணுருவம் பெற்றது.

இறுதி ஆண்டுகள்

1846 ஆம் ஆண்டிலே இரு நூல்களை மார்ஷலார் வெளியிட்டார். ஒன்று படையின் வரலாறு, ஆட்சேர்ப்பு, தண்டனை முதலியவற்றைக் கூறுவது. கசையடித் தண்டனையின் கொடுமையை அதில் விரித்துரைத்து, வீரனை மனிதனாக நடத்தவேண்டும் என்று வாதிட்டார். மற்றது இலங்கையைப் பற்றியது. நாட்டை விட்டு இருபத்தைந்தாண்டு சென்றபின்னும் கண்டியை அவர் மறந்தாரல்லர். அரசன் வீழ்ச்சிக்கு அவனுடைய கொடுமையை மட்டும் காரணங் காட்டாமல், ஆங்கில அதிகாரிகளின் சூழ்ச்சியையும் மறையாது எழுதினார். அதனாலேயே இலங்கை வரலாறு எழுதுவோர் இன்றும் அந்நூலைத் துணைக்கொள்கின்றனர்.

1851 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆம் நாள், எடின்பரோ நகரிலே, தம் எழுபத்தாறாம் வயதளவில் மார்ஷலார் இயற்கை எய்தினார். அவருக்குப்பின் சில ஆண்டுகளிலே கிரிமியப் போர் மூண்டது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அப்போரிலே நோயால் மாண்டோர் தொகையை 1858 ஆம் ஆண்டு வண்ண வட்டப் படங்களாக வரைந்து அரசின் கண்ணைத் திறந்தார். 1859 இல், படை மருத்துவத் துறையிலே புள்ளியியலுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டு, மார்ஷலாரின் வழிவந்த பல்பூர் அதன் தலைவரானார். அட்டவணை படமாயிற்று, படம் இன்று ஒளிரும் திரையாயிற்று.

எண்ணப்படாதோர்

மார்ஷலார் வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, குறித்து வைத்தலோடு கடமை முடிவதில்லை என்பது. நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளியின் கட்டில் தலைமாட்டுச் சீட்டிலே தாதியரும் மருத்துவரும் நாள்தோறும் எழுதுகின்றனர். உள்நோயாளரின் நோயும் இறப்பும் தொகுத்து அனுப்பப்படுகின்றன. தொற்றுநோய்த் தொகை வாரந்தோறும் வெளியாகின்றது. 2020 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது, தொற்றுற்றோர் தொகையை மக்கள் யாவரும் நாள்தோறும் திரையிற் கண்டனர். இவ்வளவும் நன்று. ஆயினும் பலகையைக் காண்போர் செயலிற் புகாவிடின், அது மக்கிறிகரின் அலமாரியாகவே முடியும். பள்ளியில் வரவுப் பதிவேட்டை நாள்தோறும் எழுதும் எம்போன்ற ஆசிரியர் இவ்வுண்மையை நன்கறிவோம். வாராதவன் பெயருக்கு நேரே குறியிடுதல் எளிது. ஒரே லயத்துப் பிள்ளைகள் ஏன் ஒரே கிழமையில் வாராதிருந்தனர் என்று கேட்டு, அவ்வழியே நடந்து சென்று பார்ப்பதே ஆசிரியத் தொழில்.

இரண்டாவது, அட்டவணையில் யாருக்கு இடமில்லை என்று நோக்குதல். மார்ஷலாரும் டல்லக்கும் எண்ணியவர் படைவீரரே. 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் ஆங்கில வீரர் ஆயிரவர் இறந்தமை கணக்கிலுண்டு. ஊர்கள் எரிக்கப்பட்டும், பயிர் அழிக்கப்பட்டும், பசியாலும் நோயாலும் மாண்ட கண்டி மக்கள் எத்தனையர்? இலங்கையிலே அப்போது பணிபுரிந்த ஜோன் டேவி என்னும் மற்றொரு படை மருத்துவர், பதினாயிரவர் வரையினராய் இருக்கலாம் என்று கருதினார். அது மதிப்பீடேயன்றிக் கணக்கன்று. அவர்களுக்கென ஓர் ஏடும் திறக்கப்படவில்லை.

மார்ஷலாரின் நூல் அச்சேறிய 1840 களிலேயே, தென்னிந்தியாவிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை நாடி, மன்னார்க் கரையிலிறங்கி, வன்னிக் காட்டையும் மாத்தளையையும் கடந்து நடந்து வந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியோரங்களில் வீழ்ந்தனர். வீழ்ந்தவர் எத்தனை ஆயிரம் என்பது அன்றும் வழக்காயிருந்தது. இன்றும் வழக்காகவே உளது. நாடு முழுமைக்குமான பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இலேயே தொடங்கியது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கான சட்டம் 1872 இலேயே வந்தது. ஜமேக்காவில் ஒரு வீரன் இறந்தால் இலண்டனில் ஒரு கட்டத்தில் அவன் எண்ணாக நின்றான். எண்ணாக நின்றமையால் அவனுக்குப் பின் வந்தவனுக்குப் புத்திறைச்சியும் மலைப்பாசறையும் கிடைத்தன. மாத்தளைச் சாலையோரத்திற் புதைந்த தமிழன் எந்த ஏட்டிலும் எண்ணாகவில்லை. ஆகவே அவன் சாவு அடுத்தவனைக் காக்கவில்லை. எண்ணப்படுதலும் ஓர் உரிமை என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது வேறில்லை.

ஆகவே, மார்ஷலாரை நாம் போற்றும்போது அவர் எண்ணியதற்காகப் போற்றுவோம். எண்ணாது விட்டதை நாம் எண்ணுவோம். மெதமஹாநுவரவை அடுத்து, அரசன் பிடிபட்ட இடத்தில் நினைவுக்கல் ஒன்று நிற்கின்றது. ஹுன்னஸ்கிரியவின் பனிமூடிய சாலையிலே தொழிலாளர் குழந்தையொன்று காய்ச்சலோடு தாயின் தோளிற் சாய்ந்து மருந்தகம் செல்கின்றது. மருந்தகத்திலே அதன் பெயரும் வயதும் நோயும் ஓர் ஏட்டிற் குறிக்கப்படுகின்றன. அந்த ஒரு வரி எங்கோ ஒரு திரையிலே ஒரு புள்ளியாக ஒளிரும். அப்புள்ளியைப் புள்ளியாகக் காணாது, தாயின் தோளிற் சாய்ந்த குழந்தையாகக் காணும் கண்ணே மருத்துவத்துக்கு வேண்டிய கண். எண் அக்கண்ணுக்கு ஒளி தருவது, கண்ணுக்கு மாற்றாவதன்று.